பொதுப் பூங்காவுக்கு ஜீரோ டர்ன் வண்டி: அங்குலக் கணக்குக்கு முன்னால் சரிவைப் பாருங்கள்

பல பொதுப் பூங்காக்களைப் பராமரிக்க வணிகத் தரத்தில் ஒரு ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும்) புல்வெட்டும் வண்டி வாங்கப் போவதாகவும், டெக் எனப்படும், பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதி 60 அங்குலமா 72 அங்குலமா, குதிரைத்திறன் எவ்வளவு என்பதில் குழப்பம் இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பூங்காக்களில் சரிவு உண்டா, மக்கள் நடமாடும்போதே வெட்ட வேண்டியிருக்குமா, வண்டியில் உட்காரப் போகிறவர் யார் என்பது பற்றிக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, கொள்முதல் குறிப்பைத் தயாரிக்கும் பொறுப்பு அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல ஆண்டுகள் இத்தகைய வண்டிகளை ஓட்டிவிட்டு, இப்போது ஓட்டுநர்களை மேற்பார்வையிடும் வேலையில் இருக்கிறேன். எந்த நிறுவனத்துக்கும் முகவர் அல்லன்; எனவே பெயர் சொல்லி எதையும் பரிந்துரைக்கப் போவதில்லை.

இந்த வண்டியில் பொதுவாக ஸ்டீயரிங் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஹைட்ராலிக் பம்புகளால் இயங்குகின்றன. இடது கை லீவர் இடது சக்கரத்தையும், வலது கை லீவர் வலது சக்கரத்தையும் கட்டுப்படுத்துகின்றன. முன்னால் இருக்கும் காஸ்டர் சக்கரங்கள் போகிற போக்குக்குத் திரும்புமே தவிர, அவை வண்டியைத் திருப்புவதில்லை. வேகத்தைக் குறைப்பதும் அந்த லீவர்களால்தான்; கைப்பிரேக் என்பது வண்டியை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. ஆக, திருப்புவது, நிறுத்துவது இரண்டும் பின் டயர்கள் தரையைப் பிடிப்பதையே நம்பியிருக்கின்றன. ஈரப் புல் படர்ந்த சரிவில் அந்தப் பிடி விட்டுப்போனால் இரண்டு கட்டுப்பாடும் ஒரே நொடியில் போய்விடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கையேட்டில் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்ட வேண்டாம் என்று அச்சிட்டிருப்பதற்கும், சிலர் அதையும் குறைத்துச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத் தூண்டியதும் இந்தச் சரிவு விவகாரம்தான். எங்கள் பூங்காக்களில் ஒன்றில் குளக்கரையை ஒட்டி ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும், இறங்கி நின்றால்தான் கணுக்கால் அதன் சாய்வைச் சொல்லும். புது வண்டி வாங்கும் பேச்சு வந்தபோது விற்பனையாளர் ஒருவர் வாகனம் நிறுத்தும் சமதளத்தில் செய்முறை காட்டினார். வண்டி பம்பரம் போல நின்ற இடத்திலேயே சுற்றியதைப் பார்த்துக் கொள்முதல் குழுவினர் அங்கேயே மனத்தைப் பறிகொடுத்துவிட்டார்கள். காலைப் பனி உலர்வதற்கு முன் குளக்கரைச் சரிவில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று எழுத்திலேயே கேட்டேன். தேவையில்லாத தாமதம் என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில் அவர்களுடைய செய்முறை ஓட்டுநரே வந்தார், நல்ல அனுபவசாலி. சரிவின் குறுக்கே பாதி தூரம் போவதற்குள் பின்பக்கம் அங்குலம் அங்குலமாகக் கீழே நழுவத் தொடங்கியது. மேல்பக்கத்து டயர் புல்லை உரித்துக்கொண்டு வெறுமனே சுற்றியது. அவர் பதறாமல் பிளேடுகளை நிறுத்திவிட்டு, வண்டியின் முகப்பைக் கீழ்நோக்கி விட்டு, மெதுவாகச் சமதளத்துக்கு இறக்கினார். இறங்கியதும் என்னைப் பார்த்து, “இந்த இடத்துக்கு இது வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். டயர்கள் உரித்த இரண்டு கரிய கோடுகளையும் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகும் அதே வண்டியைத்தான் வாங்கினார்கள் என்பது வேறு கதை. அந்தச் சரிவுக்கு என் ஆட்களை வண்டியோடு அனுப்ப மாட்டேன் என்று நான் மறுத்ததற்கு, ‘ஒத்துழைப்புப் போதவில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. இன்றுவரை அந்தப் பகுதியைத் தோளில் மாட்டும் வெட்டியால்தான் வெட்டுகிறோம். வண்டியை ஓட்டத் தெரியாதவன் சரிவைக் குறை சொல்கிறான் என்று இங்கேயும் யாராவது எழுதக்கூடும், எழுதட்டும். ஈரமில்லாத, இளஞ்சரிவான புல்வெளியில் இந்த வண்டிக்கு ஈடாக வேறொன்றில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீர்நிலையின் ஓரத்தில் ஓட்டுவதற்கான வண்டி இதுவன்று. கவிழ்ந்தால் காக்கும் ரோல் பாரும் இருக்கைப் பட்டையும் கட்டாயம் வேண்டும். பாரை நிமிர்த்தியிருக்கும்போது பட்டையைப் போட வேண்டும், மரக்கிளைக்காக மடக்கும்போது பட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

இனி அகலத்துக்கு வருகிறேன். 60 அங்குலம் என்பது சுமார் 1.5 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை ஹெக்டேர் என்று காகிதத்தில் வரும். திரும்புவதற்கும், வெட்டிய தடத்தின்மேல் சற்றே ஏற்றி ஓட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 72 அங்குலத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் என்பது விளையாட்டு மைதானத்தில் மட்டுமே உண்மை. மரம், இருக்கை, பூம்பாத்தி, விளக்குக் கம்பம் என்று நிறைந்த பூங்காவில் அந்த ஆதாயம் வளைவுகளிலேயே கரைந்துவிடும். மேலும், மேடுபள்ளமான தரையில் அகலமான டெக் மேட்டின் தலையை மண் தெரிய மழித்துவிட்டுப் பள்ளத்தை வெட்டாமல் தாண்டிப்போகும். சிறிய, இடைஞ்சல் மிகுந்த பூங்காக்களே அதிகம் என்றால், நின்றுகொண்டே ஓட்டும் வகையையும் ஒருமுறை பாருங்கள். ஆபத்து என்றால் ஓட்டுபவர் பின்பக்கமாகக் குதித்து இறங்கிவிடலாம்.

பொதுப் பூங்கா என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள். பிளேடின் நுனி நொடிக்கு 90 மீட்டர் அளவுக்கு வேகமாகச் சுழல்கிறது. அதில் அடிபடும் கூழாங்கல் எந்தப் பக்கம் போகிறது என்பதே கேள்வி. பக்கவாட்டில் புல்லைத் தள்ளும் டெக்கில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று தொங்கும். குறுகிய இடத்தில் நுழைவதற்காக அதைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடும் பழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்துவிடுவார்கள். அதனால் பின்பக்கம் தள்ளும் டெக்கையே நான் கேட்பேன். உயர்ந்த ஈரப் புல்லில் அது கொஞ்சம் திணறும், தூசியும் கூடுதலாக எழும்பும் என்பது தெரிந்ததுதான். பூங்காவில் அந்தக் குறை தாங்கக்கூடியதே.

குதிரைத்திறனைவிட ஹைட்ரோவை, அதாவது சக்கரங்களை இயக்கும் அந்த ஹைட்ராலிக் அமைப்பைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். நாள் முழுவதும் ஓடும் வண்டியில் அதன் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற முடிய வேண்டும். டெக்கின் தகடு 7 கேஜ் என்றால் சுமார் நாலரை மில்லிமீட்டர் தடிமன். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதால், 10 கேஜ் என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கு கிரீஸ் அடிக்க வழி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புல்லில் கிடக்கும் நைலான் கயிறு பிளேடுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகிக் கறுப்பு வளையமாக இறுகி, பேரிங்கை மூடியிருக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். பிறகு பேரிங் கரகரக்கத் தொடங்கும். பிளேடைக் கழற்றிப் பார்க்காமல் இது கண்ணுக்குப் படாது.

இருக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த கொள்முதல் குறிப்புகளில் குதிரைத்திறன் தசமப் புள்ளியோடு இருக்கும். இருக்கை பற்றி ‘வசதியானது’ என்ற ஒரே சொல்லோடு முடித்திருப்பார்கள். வேர் முண்டுகளின்மேல் நாளெல்லாம் குலுங்குபவரின் இடுப்பு எலும்பு எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. அதிர்வைத் தாங்கும் இருக்கையோ, ஓட்டுபவர் அமரும் தளத்துக்கே ஸ்பிரிங் அமைப்போ வேண்டும் என்று குறிப்பில் தனி வரியாக எழுதுங்கள். விலை கூடுகிறதே என்று வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள். முதலில் கழற்றப்படுவது எப்போதும் ஓட்டுபவருக்கானதாகவே இருக்கிறது. காதுக் கவசமும் அப்படித்தான்.

பேட்டரி வண்டிகள் சத்தம் குறைவு என்பதால் விடியற்காலை வேலைக்கு ஏற்றவை. ஆனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை பரப்பு என்பதை விளம்பரத்தில் படிக்காமல், உங்கள் புல்லில், நீங்கள் வழக்கமாக வெட்டும் உயரத்தில் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நேரடிப் பதில் வேண்டுமென்றால், 60 அங்குலம், பின்பக்கம் தள்ளும் டெக், பராமரிக்கக்கூடிய ஹைட்ரோ, நல்ல இருக்கை. பிளேடுகளில் மட்டும் கூடுதலாக ஒரு செட் சேர்த்து வாங்குங்கள். ஒன்று சாணை பிடிக்கப் போயிருக்கும்போது மற்றொன்று ஓடும். 72 அங்குலம் என்றே மேலிடத்தில் முடிவாகிவிட்டால், கையொப்பமிடுவதற்கு முன் உங்கள் டிரெய்லரின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள். 72 அங்குலம் என்பது ஆறடி. அது பிளேடு வெட்டும் அகலம் மட்டுமே, வண்டியின் மொத்த அகலம் அதைவிடக் கூடும், ஆறடி டிரெய்லரில் அது ஏறாது.