படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘எப்போதாவது’ என்று போடாதீர்கள்

தம்பி, குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். எட்டு வயது மகனுக்குக் கவனமும் இல்லை, சொல் பேச்சும் கேட்பதில்லை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் கேள்விப் படிவமும் வந்திருக்கின்றன. நிரப்பிக் கொடுத்தால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமோ, இடம் மாறியதுதான் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரிக் கடிதம் எனக்கும் வந்தது. ஆறு மாதம் அதை அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை, வீட்டில் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

இடம் மாறியதும் காரணமாக இருக்கலாம். பாஷை பிடிபடாத வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கவனம் சிதறும். மொழி வகுப்பில் நாமே ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்! அதனால்தான் மருத்துவர்கள் பழைய கதையைக் கேட்பார்கள். ஏடிஹெச்டி (ADHD), அதாவது கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்புமான குறைபாடு என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரியவும் வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தால் தேடி எடுங்கள். ‘கெட்டிக்காரன், ஓரிடத்தில் உட்காருவதில்லை’ என்று எந்த ஆசிரியராவது ஒரு வரி எழுதியிருந்தால் இங்கே அது பெரிய உதவி.

எதிர்த்துப் பேசுவது விடாமல் தொடர்ந்தால் அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது: ஓடிடி (ODD), அதாவது எதிர்த்து நிற்கும் நடத்தைக் குறைபாடு. சட்டென்று கோபம், பெரியவர்களோடு வாக்குவாதம், வேண்டுமென்றே சீண்டுவது, தன் தப்புக்குப் பிறரைக் கைகாட்டுவது என்று எட்டு அறிகுறிகள் சொல்கிறார்கள். அவற்றில் குறைந்தது நான்கு, ஆறு மாதமாவது தொடர வேண்டும். அண்ணன் தம்பிச் சண்டை மட்டும் இதில் சேராது, வேறு ஒருவரிடமாவது அப்படி நடந்துகொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. 1999-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் ஏடிஹெச்டி உள்ள 579 பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஓடிடியும் இருந்தது.

ஒன்று மற்றொன்றை எப்படி வளர்க்கிறது என்பதை என் வீட்டு வாசலில்தான் பார்த்தேன். காலை நேரம். அடுப்படியிலிருந்தே, ‘ஷூவைப் போடு, பையை எடு, தண்ணி பாட்டிலை மறக்காதே’ என்று ஒரே மூச்சில் கத்துவேன். எட்டிப் பார்த்தால் என் மகன் ஒரு காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் நடத்திக்கொண்டிருப்பான். அவன் காதில் ‘ஷூ’ மட்டும் விழுந்திருக்கும், அதுவும் பாதி. அது திமிர் இல்லை, கவனக்குறைவு. நான் நாலாவது தடவை கத்தும்போது அவனும் ‘மாட்டேன்’ என்று கத்துவான். நேரமாகிவிட்டதே என்று நானே குனிந்து ஷூவை மாட்டிவிடுவேன். அன்று அவன் கற்றுக்கொண்டது, கத்தினால் வேலை முடியும் என்பது. மறுநாள் அவன் அடங்கிப்போனால், கத்தினால்தான் கேட்பான் என்று நான் கற்றுக்கொள்வேன். இந்தச் சுழலை அவிழ்க்கத்தான் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். வளர்ப்புச் சரியில்லை என்று சொல்லிக்காட்டுகிறார்கள் என நினைத்து நான் முதல் இரண்டு வகுப்புக்கும் போகவே இல்லை, அது வேறு கதை. அப்புறம் கற்றது: கிட்டே போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பது. செய்துவிட்டால், ‘சொன்னதும் போட்டுட்டியே’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது. பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்து என்றால் பயம் வரும், எனக்கும் வந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள். உங்கள் மகன் வயதில் மருந்தும் பேச்சில் வரும். நான் சொன்ன ஆய்வில், அளவு பார்த்துக் கண்காணித்துத் தந்த மருந்து, பயிற்சி மட்டும் தந்ததைவிடக் கவனக்குறைவைக் கூடுதலாகக் குறைத்தது. இரண்டும் சேர்த்துத் தரப்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தின் அளவு குறைவாகவே போதுமாக இருந்தது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கவனம் சற்றுப் பிடிபட்டால் எதிர்ப்பும் பல பிள்ளைகளிடம் தணிகிறது.

மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பையனையே மொழிபெயர்க்க விடாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது கொடுமை. தெரிந்தவர்களைக் கூட்டிப்போனால் அவர்கள் நம் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாதியை விழுங்கிவிடுவார்கள். வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் ஏடிஹெச்டி வருவதில்லை.

சரி, படிவம். வெட்கத்தில் நான் எல்லாவற்றுக்கும் ‘எப்போதாவது’ என்றே குறி போட்டேன். என் வீட்டுக்காரர் தனியாக நிரப்பியதில் பாதிக்கு மேல் ‘மிக அடிக்கடி’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மருத்துவர், உங்களுக்கு எத்தனை மகன்கள் என்று கேட்டார்.