பிள்ளைகளுக்கு அறிவியல் படப் புத்தகம் வாங்கும்போது எதைப் பார்ப்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டு முன்னறையில் தெருப் பிள்ளைகளுக்காகப் பதினான்கு வருடமாக ஒரு சின்ன நூலகம் நடத்துகிறேன். கதைப் புத்தகத்தைவிட அறிவியல் படப் புத்தகம் வாங்கும்போதுதான் பெற்றோருக்கு நிறைய சந்தேகம் வருகிறது. நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: பையனுக்கு நாலு வயது. கதை சொன்னால் எழுந்து ஓடிவிடுவான், ஜேசிபி படம் என்றால் மட்டும் உட்காருவான். இப்போதே அறிவியல் புத்தகம் கொடுக்கலாமா அக்கா?

தாராளமாகக் கொடுங்கள். ஜேசிபி புத்தகமும் அறிவியல் புத்தகம்தான். ஆனால் பளபளவென்று வண்டியின் முகத்தை மட்டும் காட்டும் புத்தகம் வேண்டாம். அந்தக் கை எப்படி மடங்குகிறது, எண்ணெய் அழுத்தம் எந்தக் குழாய் வழியாகப் போய் அதைத் தள்ளுகிறது என்று காட்டுவதாகப் பாருங்கள். இந்த வயதுக்கு ஒரு பக்கத்தில் ஒரு பெரிய படம் போதும், அட்டை தடிமனாக இருக்கட்டும்.

கேள்வி: நான் படித்தது வணிகவியல். படம் சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எழுத்தில் உள்ள தப்பைப் பிள்ளை மறந்துவிடும், படத்தில் உள்ள தப்பு அப்படியே மனதில் உட்கார்ந்துவிடும். கடையில் நின்றபடியே சில பக்கங்களைப் பாருங்கள்.

முதலில் பூச்சிப் பக்கம். காலை எண்ணுங்கள். பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு, சிலந்தி பூச்சி இனமே இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கால்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள், பூச்சிக்கு ஆறு காலும் இறக்கையும் நடுவில் உள்ள மார்புப் பகுதியில்தான் முளைக்கும். வயிற்றிலிருந்து வரைந்திருந்தால் வரைந்தவர் ஓர் எறும்பைக்கூட உற்றுப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அப்புறம் நிலாப் பக்கம். பூமியின் நிழல் விழுவதால் பிறை தெரிகிறது என்று போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள், அது சந்திர கிரகணத்துக்கான விளக்கம். நிலா நம்மைச் சுற்றி வரும்போது அதன் வெயில் படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. பென்குவினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நின்றாலும் அதே கதைதான், ஒன்று தென்கோடி, மற்றது வடகோடி.

சூரியக் குடும்பப் படத்தை மட்டும் மன்னிக்கலாம். பூமியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரைந்தால் சூரியனை ஒரு மீட்டருக்கு மேல் வரைந்து சுமார் 117 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், எந்தத் தாளிலும் அடங்காது. ஆனால் "இந்தப் படம் அளவுப்படி வரைந்ததில்லை" என்று ஓரத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை வைத்தே நான் பதிப்பகத்தை நம்பலாமா என்று முடிவு செய்வேன்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களில் எங்கே திறந்தாலும் பனிமனிதனும் ஓக் மரமும்தான். பரவாயில்லையா?

அதுவும் இருக்கட்டும், உலகம் பெரியது. ஆனால் அது மட்டுமே இருந்தால் அறிவியல் என்பது வேறு ஊரில் நடக்கிற விஷயம் என்று அவள் நினைத்துவிடுவாள். ஐப்பசி மழையில் பள்ளி விடுமுறை விட்ட பிள்ளை, இலையுதிர்காலத்தில் இலை பொறுக்கும் பக்கத்தை எங்கே பொருத்திப் பார்க்கும்? நம் பறவைகள், நம் மரங்கள் உள்ள புத்தகம் குறைந்தது இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். பாம்புகளில் இது உயிர் விஷயம்கூட. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு தெரிந்த பிள்ளைக்கு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் படத்தில் அடையாளம் காட்டத் தெரிய வேண்டாமா?

கேள்வி: அண்ணன் மகனிடமிருந்து 2004-இல் அச்சான புத்தகம் வந்திருக்கிறது. புளூட்டோ ஒன்பதாவது கோள் என்கிறது. எடைக்குப் போடவா?

வேண்டாம், பென்சிலை எடுங்கள். 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆனது என்று பிள்ளையையே ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனது என்று இருந்தால், 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்ததை எழுதலாம். நிலவுப் பக்கத்தில் 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3. எங்கள் நூலகத்தில் இப்படித் திருத்திய புத்தகத்துக்குத்தான் இப்போது அடிதடி. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே எழுதிப் பார்க்கிறது.

கேள்வி: தமிழில் வாங்கினால் வாசிக்கவே முடியவில்லை, கலைச்சொல்லாக இருக்கிறது.

கலைச்சொல்மேல் பழி போடாதீர்கள். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். வாக்கியம்தான் இடிக்கிறது. "தாவரங்களால் சூரிய ஒளியானது பயன்படுத்தப்பட்டு உணவானது தயாரிக்கப்படுகிறது" என்று எழுதினால் யார் வாசிப்பார்கள்? "செடி வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறது" என்று எழுத முடியும். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டினால் வேண்டாம்.

கேள்வி: எல்லாமே ஐந்நூறு, ஆயிரம் என்று விலை சொல்கிறார்கள் மேடம்.

வாங்கியே ஆக வேண்டியதில்லை. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இலவசம். காசு கொடுத்து வாங்குவது, பிள்ளை நாலு தடவை இரவல் எடுத்த புத்தகமாக இருக்கட்டும்.

கேள்வி: உடலைப் பற்றிய புத்தகத்தில் பிறப்புறுப்புகளையும் வரைந்து பெயர் போட்டிருக்கிறார்கள். மகளுக்கு ஒன்பது வயது. அந்தப் பக்கத்தைப் பின் அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள். அப்படிப் பின் அடித்துத் திரும்பி வந்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பிள்ளைகள் முதலில் பிரித்தது அந்தப் பக்கத்தைத்தான். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பெயர் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் சொல்லாமல் விட்டால், நாளைக்கு யாராவது தப்பாகத் தொட்டால் உங்களிடம் வந்து சொல்ல அவளுக்கு ஒரு சொல் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து மற்ற பக்கங்களைப் போலவே வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையன் படத்தை மட்டும் பார்க்கிறான், ஒரு வரிகூட வாசிப்பதில்லை.

பார்க்கட்டும். நல்ல வெட்டுத்தோற்றப் படத்தைப் பார்ப்பதும் வாசிப்புதான். எங்களிடம் வரும் ஒரு பையன் கறையான் புற்றை நெடுக்காக வெட்டிக் காட்டிய ஒரே பக்கத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான், ராணி அறை, காற்று போகும் வழி, உள்ளே கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது அவன் ஆத்தா புற்றடியில் காளான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "ஆத்தா, இது அந்தத் தோட்டத்துலேர்ந்துதான் வருது" என்று சொல்லியிருக்கிறான். அறுபது வருடமாகப் புற்றுக்காளான் பிடுங்குகிறவர் அடுத்த வாரமே அவனோடு எங்கள் நூலகத்துக்கு வந்து, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி நின்றார்.