வாத்தியார் பதில்கள்: பஞ்சு நுனியும் கச்சான் காற்றும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி புகையைப் பற்றியவை. பாம்பனில் அப்பா நடத்திய பெட்டிக்கடையில் வளர்ந்தவன் நான். கடைத் தூணில் எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் தேங்காய் நார்க் கயிற்றை அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் உத்தியோகம். பிறகு வேதியியல் ஆசிரியர் ஆனேன். நடுவில் 22 ஆண்டுகள் நானும் புகைத்தேன். ஆகவே இந்த விஷயத்தில் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிகரெட் நுனியில் இருப்பது பஞ்சுதானே? கடற்கரையில் போட்டால் மட்கிவிடும் என்கிறான் என் நண்பன். (கல்லூரி மாணவர், கீழக்கரை)

பஞ்சு இல்லை, தம்பி. பெயர்தான் பஞ்சு. மரக்கூழை வேதிமாற்றம் செய்து எடுக்கிற செல்லுலோஸ் அசிடேட் அது. என் மூக்குக்கண்ணாடியின் பிரேமும் அதே குடும்பம். கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் அசிட்டோன் ஊற்றி இந்த 'பஞ்சை'ப் போட்டுப் பார். குழைந்து கூழாகிக் கரையும். பக்கத்துக் குவளையில் காயத்துக்குக் கட்டுகிற உண்மையான பஞ்சைப் போட்டால் அது நனைந்து சும்மா கிடக்கும். என் மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் செய்து காட்டியிருக்கிறேன். கரையில் கிடந்தால் அது மட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை மீன் விழுங்கும், கடற்காக்கை கொத்தும்.

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இரண்டு வருடமாக 'லைட்' வகை சிகரெட்டுக்கு மாறிவிட்டார். தொண்டை எரியவில்லை, நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது என்கிறார். ஆனால் எட்டு குடித்தவர் இப்போது பன்னிரண்டு குடிக்கிறார். இருமலும் நிற்கவில்லை. இதமாக இருந்தால் கெடுதல் குறைவுதானே? (வாசகி, தொண்டி. பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அம்மா, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. அவர் தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது. அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூது.

அவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, நுனியில் சுற்றியிருக்கும் மரப்பட்டை நிறக் காகிதத்தை மட்டும் மெதுவாக உரித்து, வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வாயில் வைக்கும் முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஊசிமுனையை விடச் சிறிய பொட்டுகள் வரிசையாக ஒளிரும். அவை காற்றுத் துளைகள். உறிஞ்சும்போது புகையோடு வெளிக்காற்றும் அந்த வழியாக உள்ளே வந்து கலக்கிறது. புகை நீர்த்துப்போகிறது, சூடு தணிகிறது, தொண்டையில் சுள்ளென்று படுவது குறைகிறது. மோரில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றிய கதைதான். புளிப்புக் குறையும். ஆனால் மோர் வேண்டுமென்று வந்தவன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவான்.

உடம்பு கேட்பது நிகோடினை, அதாவது புகையிலையில் இருக்கும் போதைப் பொருளை. வழக்கமான அளவு வந்து சேராவிட்டால் அது தானாகவே ஈடு செய்துகொள்ளும். ஆழமாக இழுக்க வைக்கும், நேரம் கூட்டி உள்ளே நிறுத்த வைக்கும், எட்டைப் பன்னிரண்டாக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

'லைட்' என்ற பெயர் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். புகையில் வரும் பிசுபிசுப்பான 'தார்' எவ்வளவு, நிகோடின் எவ்வளவு என்று அளக்க ஓர் இயந்திரம் புகைக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் என்று அளந்து இழுக்கும். அதற்கு உதடு கிடையாது, விரலும் கிடையாது. துளைகள் திறந்தபடியே இருக்கும், அளவும் குறைவாகவே காட்டும். அந்தக் குறைந்த அளவை வைத்துத்தான் 'லைட்' என்று பெயர் சூட்டினார்கள்.

இனி நம் ஊருக்கு வாருங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் குந்துகாலிலோ தனுஷ்கோடியிலோ நின்று, கடலோடிகள் எப்படிப் புகைக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நகரத்துக்காரர்களைப் போல இரண்டு விரல் நுனியில் தொங்கவிட மாட்டார்கள். விட்டால் காற்று பாதியைத் தின்றுவிடும். உள்ளங்கையைக் குவித்து, சிகரெட்டை விரல் அடிவரை செருகி, ஏறக்குறைய முஷ்டிக்குள்ளிருந்துதான் இழுப்பார்கள். அப்போது அந்தத் துளைகள் எங்கே இருக்கும்? விரலுக்கு அடியில். கொஞ்சம் உள்ளே தள்ளிக் கடித்தால் உதட்டுக்கு அடியில். விரலில் மீன் செதிலும் உப்பு ஈரமும் வேறு. துளை அடைபட்டுப் போனபின் அது லைட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. புகைத்த காலத்தில், ஒருநாள் வேலை மெனக்கெட்டு, ஒரு லைட் சிகரெட்டின் துளை வரிசை மேல் செல்லோடேப்பை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே புகை வாயை அடைத்துக்கொண்டது. நாக்கின் அடியில் கசப்பு. மூன்றாவது இழுப்பில் தலை கிறுகிறுத்து, பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் மகனாகப் பிறந்து, வேதியியலும் படித்துவிட்டு, இத்தனை நாள் துளைக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

நுனியைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. புகைத்து முடித்தபின் வெள்ளை நுனி பழுப்பாக மாறியிருக்கும். 'விஷமெல்லாம் இதில் தங்கிவிட்டது' என்று என்னிடமே எத்தனை பேர் காட்டியிருக்கிறார்கள்! கொஞ்சம் தங்குவது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிறமாற்றம் விற்பனைக்கு உதவும் என்று 1953இலேயே கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த கிளாட் டீக் என்ற வேதியியலாளர், புகை பட்டதும் நிறம் மாறுகிற பொருளை வடிகட்டியில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். அதனால் வடிகட்டும் திறன் கூடப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. என் தொழில்காரர் ஒருவர் செய்த வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. இதைவிடக் கொடுமை, 1952 முதல் 1956 வரை கென்ட் சிகரெட்டின் நுனியில் நீலக் கல்நார் இருந்தது, அதாவது புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ். பாதுகாப்பான வடிகட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இருமலுக்கு வருகிறேன். நீர்த்த புகையை ஆழமாக இழுக்கும்போது அது நுரையீரலின் கடைக்கோடி வரை போகிறது. 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் அமைப்பு மாறியதால் நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற, சுரப்புச் செல்களில் தொடங்கும் வகைப் புற்றுநோயின் ஆபத்து கூடியது என்று 2014இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை சொல்லியது. இந்தத் துளை நுனிக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றது. அமெரிக்காவில் 2010 முதல் பெட்டிமேல் 'லைட்' என்று போடவே முடியாது.

அவரை நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப்போங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், அவருக்கு விடுமுறை கிடையாது என்பது தெரியும். ஆனாலும் கடல் சீறுகிற நாட்களில் வீட்டில்தானே இருப்பார்? அப்படி ஒரு நாளில், புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். அது அவருடைய பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். துளையைத் தேடும்போது கண்ணில் படும்.

கேள்வி: பீடியில் காகிதம் இல்லை, வெறும் இலை, அதனால் தேவலை என்கிறார் என் மாமனார். (தங்கச்சிமடம்)

மாமனாரிடம் வாதம் செய்து ஜெயித்தவர் யார்? ஆனாலும் சொல்லிப் பாருங்கள். சிகரெட் காகிதம் காற்றைப் புகவிடும், பீடி இலை விடாது. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துபோகும். அணையாமல் காக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும், அதுவும் பலமாக. உள்ளே இருக்கும் புகையிலை சிகரெட்டில் பாதிகூட இராது. தாரோ சிகரெட்டுக்குக் குறையாமல் வரும், பல சமயம் கூடவும் வரும். நுனியில் வடிகட்டவும் ஒன்றுமில்லை. தூள் நேரே நாக்குக்கு வரும். அப்பா கடை வாசலில் பீடிக்காரர்களை நான் துப்பலை வைத்தே அடையாளம் சொல்வேன்.

கேள்வி: விசாகப்பட்டினம் பக்கம் மீனவப் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பதாக எங்கள் சித்தப்பா சொல்கிறார். கதையா? (தேவிபட்டினம்)

கதையில்லை. ஆந்திரக் கடலோரத்தில், ஸ்ரீகாகுளம் பக்கமும், முக்கியமாக வயதான பெண்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. காற்றிலும் ஈரத்திலும் நெருப்பு அணையாது, சாம்பல் மேலே விழாது, வேலையும் நடக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை அவர்களுக்குக் காற்று வாசல் மட்டும்தான். மேலண்ணம் வெந்து வெளுத்துப்போகும். மற்ற ஊர்களில் அரிதான மேலண்ணப் புற்றுநோய் அங்கே அதிகம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு ரஷ்ய நாவல்களில் சிகரெட் நுனியை நசுக்கிவிட்டுப் பற்றவைக்கிறார்களே, ஏன்? (பரமக்குடி)

அது 'பாப்பிரோசா'. பாதிக்கு மேல் வெறும் அட்டைக் குழல், முன்பாதியில் மட்டும் புகையிலை. வடிகட்டி கிடையாது. குழலை இரண்டு இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அமுக்கினால் துணுக்குகள் வாய்க்கு வராமல் தடைபடும். கனத்த கையுறை போட்ட விரலுக்கும் அந்த நீளம் வசதி. 'பெலமோர்கனால்' என்ற வகை சோவியத் காலத்தில் அங்கே வெகு பிரபலம்.

ஏழாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் பனையோலையில் அப்படி ஒரு குழல் சுருட்டி, கடையில் சிந்திய பீடித்தூளை முனையில் அடைத்து, சர்ச்சுக்குப் பின்னால் பற்றவைத்தோம். நசுக்கத் தெரியாததால் முதல் இழுப்பிலேயே தூள், நெருப்பு எல்லாம் ஒன்றாக என் வாய்க்குள் வந்து சேர்ந்தன. பாலத்தில் ரயில் போகிற சத்தத்தில் என் அலறல் யாருக்கும் கேட்காது என்று நினைத்தோம். அம்மாவுக்குக் கேட்டது.