‘தொடரும்’ போட்ட கதைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ‘உங்களுக்குப் பிடித்த துப்பறியும் எழுத்தாளர் யார், கடைசியாகப் படித்தது எது?’ என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, பதில் சொல்வதற்குப் பதிலாக நம்மையே கேள்வி கேட்டிருக்கின்றன. அவற்றில் சில இங்கே.

முப்பது ஆண்டுகளாக ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்களைப் படித்து வருகிறேன். கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகள் ஒரே மாலையில் இரண்டைப் படித்து முடித்துவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, அம்மா” என்கிறாள். அவளுக்கு எதைக் கொடுப்பது? — ஈரோடு வாசகி

மகள் சொல்வதில் தவறில்லை. ஒரே மாலையில் இரண்டைப் படித்ததுதான் தவறு. மாத நாவல் என்பது பேருந்து நிலையக் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்து, பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் கொடுத்துவிட்டு இறங்கும் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கும் ராஜேஷ்குமார், இரண்டு ஊர்களில் இரண்டு கதைகளைத் தொடங்கி, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போய், கடைசிப் பக்கங்களில் இரண்டையும் முடிச்சுப் போடுவார். மாதம் ஒருமுறை பார்த்தால் அது வித்தை. அடுத்தடுத்து இருமுறை பார்த்தால் வித்தைக்காரரின் கை தெரிந்துவிடும். பிரபாகரின் துப்பறியும் நாயகி சுசீலா அணிந்து வரும் டி-ஷர்ட்டில் இம்முறை என்ன வாசகம் எழுதியிருக்கும் என்று ஒரு மாதம் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தக் குறும்பு இனித்தது. சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி துப்பறியும் இணைக்கும் அதே கணக்குத்தான்.

மகளுக்கு சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ கொடுத்துப் பாருங்கள். 1968இல் குமுதத்தில் வாரத் தொடராக வந்த அதில்தான் வக்கீல் கணேஷ் அறிமுகமாகிறார். எஸ்.ரங்கராஜன் என்ற தம் பெயரில் எழுதினால், அதே பத்திரிகையில் இருந்த ரா.கி.ரங்கராஜனோடு குழப்பம் வரும் என்பதற்காக அவர் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள். துப்பறியும் கதையை யார் எழுதியது என்று பார்ப்பதற்கு முன்னால், அது வாரத்துக்கு எழுதியதா மாதத்துக்கு எழுதியதா என்று நான் பார்ப்பது வழக்கம். பசியின் அளவு வேறு என்றால் சமையலும் வேறாகத்தானே இருக்கும்?

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், நீங்கள் அண்மையில் படித்தது எது? — திருநெல்வேலி வாசகர்

படித்தது அல்ல, மறுபடியும் படித்தது. அத்தை வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ கிடைத்தது. அத்தை வாராவாரம் தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வைத்திருந்தார். பைண்டு செய்தவர் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டதால் சில பக்கங்களில் வரிக்கு ஓர் எழுத்தை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு வாரம் இல்லை. அந்த இதழைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை என்று, இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அத்தை தம் கையால் குறித்திருந்தார், நாள் உட்பட.

நாவலாக அச்சிட்ட பதிப்பில் இதை முன்பே இரண்டு முறை படித்திருக்கிறேன். ஆனால் அத்தையின் பிரதியில் படித்தபோதுதான் கதையின் எலும்புக்கூடு கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாரத்தின் கடைசிப் பத்தியிலும் ஒரு கதவு திறக்கிறது, அல்லது ஒரு குரல் கேட்கிறது. ‘தொடரும்’ என்ற சொல் அங்கே நிற்கிறது. புத்தகத்தில் அத்தியாய இடைவெளியாகத் தாண்டிப் போய்விடும் அந்த இடத்தில், 1980களின் வாசகர் ஏழு நாள் நின்றிருக்கிறார். சொத்துக்கு வாரிசான ஓர் இளம்பெண், அந்தக் குடும்பத்தைத் தொடரும் பேய், பேயாவது பிசாசாவது என்று அறிவியலைப் பிடித்துக்கொள்ளும் கணேஷ், ‘இருந்தாலும் இருக்கும் பாஸ்’ என்ற பக்கம் சாய்கிற அவருடைய ஜூனியர் வசந்த். அந்த வாரங்களில் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அத்தை எந்தக் கட்சி என்று கேட்க மறந்தது என் பிழை. முடிவில் சுஜாதா எந்தக் கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. முடிவைச் சொல்லிவிட்டாரே என்று கோபப்படாதீர்கள், இது முடிவே அல்ல.

விடுபட்ட வாரத்தை மட்டும் புத்தகத்தில் எடுத்துப் படித்தேன். ஒரே அத்தியாயம்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த வெள்ளைத் தாளில் இருந்த மர்மம் அதில் இல்லை.

துப்பறியும் கதையே ஆங்கிலத்திலிருந்து வந்த இரவல் சரக்கு என்கிறார் எங்கள் தமிழாசிரியர். உண்மையா? — கும்பகோணம் மாணவர்

வந்த வழி உண்மைதான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்து 1894இலேயே எழுதிவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தஸிங், லண்டனிலிருந்து இங்கே வந்து இறங்கிய ஷெர்லாக் ஹோம்ஸ்தான். ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோர் இந்த மண்ணின் வீடுகளுக்குள்ளும் வழக்குகளுக்குள்ளும் புகுந்து துப்பறிந்தார்கள் என்றாலும், எல்லாம் அறிந்த துப்பறிவாளர் என்ற அச்சு இரவல்தான்.

அந்த அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்தவர் தேவன். 1940களில் ஆனந்த விகடனில் வந்த சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அவர் தவறாக எதையாவது செய்து வைக்க, அதனாலேயே குற்றவாளி பிடிபட, இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைச் சாம்புவின் மேதைமை என்று வியக்க, சாம்பு நடந்தது விளங்காமல் விழிக்க, ஊர் முழுவதும் பாராட்டும். ஹோம்ஸைப் படித்துவிட்டு ஹோம்ஸை எழுதியவர்கள் பலர். ஹோம்ஸைப் படித்துவிட்டுச் சாம்புவை எழுதியவர் ஒருவர்தான். இதை உங்கள் ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

தமிழில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் படித்துவிட்டேன் (என்று நினைக்கிறேன்). ஆங்கிலம் வழியாகப் படிக்க இரண்டு சொல்லுங்கள். அகதா கிறிஸ்டி வேண்டாம், முடித்துவிட்டேன். — கோலாலம்பூர் வாசகர்

வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’. 1868இல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த இரவில் திருடிய ஒரு வைரத்தில் கதை தொடங்குகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் தத்தம் வாயால் சொல்ல, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேலைக்காரர்களின் தலைவரான கிழவர் சொல்லும் பகுதி நீளம்தான், ஆனால் அதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

மற்றொன்று, ஜப்பானியரான கெய்கோ ஹிகாஷினோ எழுதிய ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. 2005இல் நூலாக வந்து நவோகி பரிசு பெற்றது. கொலை யார் செய்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் தொடக்கத்திலேயே உங்கள் கண் முன் நடந்துவிடும். அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க உதவுகிறார்; அவருடைய பழைய நண்பரான இயற்பியலாளர் அதை அவிழ்க்க வருகிறார். எல்லாம் தெரிந்த பிறகும் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. இதுவும் முதலில் ஓர் இதழில் தொடராக வந்ததுதான்.

நூலகத்தில் எடுத்து வந்த மர்ம நாவலின் முதல் பக்கத்தில், ‘கொலையாளி இவன்தான்’ என்று பெயரோடு பென்சிலால் எழுதியிருக்கிறார் ஒரு புண்ணியவான். என்ன செய்யலாம்? — சேலம் வாசகி

அழித்துவிட்டு, நம்பாமல் படியுங்கள். எனக்கும் ஒருமுறை இப்படி ஒரு பிரதி வந்தது. பென்சிலில் ஒரு பெயர். அதன்கீழ் நீல மையில், வேறொரு கையெழுத்தில், ‘தவறு, அவன் தம்பி’. நான் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களும் அந்த இருவரையே கண்காணித்துக்கொண்டு வந்தேன். கடைசி அத்தியாயத்தில் போலீசார் கைது செய்தது அவர்களுடைய பெரியப்பாவை.