உருகும் மண்ணில் எருவும் இருக்கிறதே!

கேள்வி: எங்க மேட்டாங்காட்டில் ஆட்டுப்பட்டி போட்டு ஒரு மழை பெய்தால் போதும், புழுக்கை மக்கிச் சோளம் கருகருவென்று எழும்புதுங்க. திபெத்துப் பக்கம் உறைந்த மண் உருகினால் கரியமில வாயு கிளம்பும் என்று பயமுறுத்துகிறார்கள். உருகினால் சத்தும்தானே வெளியே வரும், புல் செழித்து அந்தக் கரியைத் திரும்ப இழுத்துக்கொள்ளாதா?
*வாசகர், காங்கேயம்*

பதில்: வெறும் கணக்குப் போட்டால் ஜெயிப்பது நீங்கள்தானுங்க. மண்ணில் கிடக்கும் மக்கில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறத்தாழ 10, 15 பங்கு கரி (கார்பன்) இருக்கும், புல்லில் அது 25, 30 வரைக்கும் போகும். ஆக, மக்கு சிதைந்து விடுகிற தழைச்சத்து முழுவதும் புல்லுக்குப் போய்ச் சேர்ந்தால், காற்றுக்குப் போனதை விட அதிகக் கரியையே புல் பிடித்துக்கொள்ளும். அந்த ‘முழுவதும்’ நடப்பதில்லை, சிக்கலே அங்கேதான்.

நம் காட்டில் எரு மேலே கிடக்கிறது, மழைக்கு மக்குகிறது, கையோடு விதைத்தும் விடுகிறோம். 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தப் பீடபூமியில் மேல்மண் மட்டும் கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும். அதன் அடியில் இருப்பதுதான் நிரந்தர உறைமண், அதாவது குறைந்தது இரண்டு வருஷமாவது தொடர்ந்து 0 டிகிரிக்கு மேலே ஏறாத மண். சூடு மேலிருந்து மெல்ல மெல்ல இறங்குவதால், உருகல் மிக ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது கோடையே முடிந்து புல் பழுத்துவிட்டிருக்கும். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. பந்தி கலைந்த பிறகு சோறு வந்த கதைதான். ஆழ வேர் விடும் சில செடிகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், இல்லை என்று சொல்லவில்லை.

மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்னும், கொஞ்சம் நீரோடு கரைந்து ஓடைக்குப் போகும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். இந்த வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது, அதனால் கொஞ்சம் கிளம்பினாலும் நல்லதில்லை. தண்ணீர் தேங்குகிற பள்ளமாக இருந்தால் மீத்தேன் வேறு. தண்ணீர் வடிந்துபோகிற சரிவு என்றால் மேல்மண் காய்ந்து புல்லே வாடும், ஏனென்றால் அடியில் இருந்த உறைமண்தான் இத்தனை நாள் தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைத்திருந்தது.

அப்புறம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். சுண்ணாம்பு அதிகமுள்ள காட்டில் சூப்பர் பாஸ்பேட் போட்டுப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போட்டதில் பாதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். திபெத்திலும் பல இடங்களில் அதே சுண்ணாம்பு மண்தான். தழைச்சத்து கூடினாலும் மணிச்சத்து ஈடுகொடுக்காவிட்டால் புல் ஒரு அளவோடு நின்றுவிடும். போதாததற்கு விறகு இல்லாத ஊர், யாக் மாட்டின் சாணியைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். மண்ணுக்குப் போக வேண்டியது புகையாகப் போகிறது, நம் பாட்டிமார் வறட்டி தட்டிய மாதிரி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வடகோளத்து உறைமண்ணில் இருக்கும் கரி, காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சொல்வார்கள். அதில் பெரும்பகுதி சைபீரியா, அலாஸ்கா, கனடா பக்கம். திபெத்தின் பங்கு சிறியதுதான்.

கேள்வி: தை மாதம் ஊட்டியில் விழும் உறைபனியும் இந்தக் கணக்கில் வருமா?
*வாசகர், மேட்டுப்பாளையம்*

பதில்: வராதுங்க. அது வெயில் ஏறியதும் போய்விடுகிற பனி, நிலம் ஆழத்துக்கு உறைவதே இல்லை. ஆனால் நீலகிரிப் புல்வெளி மண்ணிலும் கரி நிறைய உண்டு, குளிரில் மக்கு மெதுவாகச் சிதைவதால். அடுத்த முறை மேலே போனால் சாலை வெட்டிய மேட்டைப் பாருங்கள், மேல்மண் மட்டும் கறுத்துக் கிடக்கும்.