கியாந்தி முதல் அமரோனே வரை: இத்தாலிய ஒயின்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கே: பரோலோவில் என்னென்ன திராட்சைகளைக் கலக்கிறார்கள்?

ப: எதையும் இல்லை. நெபியோலோ திராட்சை மட்டும்தான். விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: அமரோனே ஒரே இனிப்பாக இருந்தது. கெட்டுப்போன புட்டியா?

ப: யார் தயாரித்தது, எந்த ஆண்டு அறுவடை என்று எழுதாமல் இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கோர்வினா, ரொண்டினெல்லா திராட்சைகளை மூன்று, நான்கு மாதம் உலர்த்திய பிறகே பிழிகிறார்கள். அந்த உலர்பழச் சுவையும் 15, 16 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்து நாவுக்கு இனிப்பாகப் படும். ஒயின் சூடாக இருந்தால் இன்னும் திகட்டும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் சரி.

கே: கியாந்தி என்றாலே வெளிறிய, புளித்த ஒயின் என்கிறார் நண்பர். உண்மையா?

ப: அந்தப் பெயரைக் கெடுத்தது சட்டம், திராட்சை அல்ல. 1872இல் கியாந்தித் தோட்ட உரிமையாளர் பெட்டினோ ரிக்காசோலி தம் கலவையை எழுதிவைத்தார்: மணத்துக்கும் வலுவுக்கும் சாஞ்சோவேசே என்ற கருப்புத் திராட்சை, அதை மென்மையாக்கக் கனாயோலோ என்ற இன்னொரு கருப்புத் திராட்சை. மல்வசியா என்ற வெள்ளைத் திராட்சை இளமையிலேயே குடிக்கும் ஒயினுக்கு மட்டும். முதிர வைப்பதில் வேண்டாம் என்றார். எவ்வளவு தெளிவான பேச்சு! 1967இல் வந்த விதியோ வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம் இருந்தே ஆகவேண்டும் என்றது. நல்ல சாஞ்சோவேசே வைத்திருந்தவரும் அதை நீர்க்கச் செய்ய வேண்டியதாயிற்று. ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம் தன் தின்யானெல்லோ ஒயினை, 1971 அறுவடையிலிருந்து, கியாந்தி என்ற பெயரே இல்லாமல், சட்டப்படி கடைசித் தரமான வெறும் மேசை ஒயினாக வெளியிட்டது. 1975 அறுவடையில் வெள்ளைத் திராட்சையை முற்றிலும் விட்டது. கியாந்தியின் பழைய மையப் பகுதி ஒயினான கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்குத் தடை வர 2006 ஆயிற்று. இத்தனை காலம் உழவர்கள் பட்ட நட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. இன்றைய கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே. நல்ல தயாரிப்பாளரின் புட்டி ஒன்றை நண்பருக்கு ஊற்றிக் கொடுங்கள். 16 முதல் 18 டிகிரியில்.

கே: கலவையில் எந்தத் திராட்சை என்ன செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: தனித்தனியாகத் தெரியாமல் கலவையில் தெரியாது. முதலில் சாஞ்சோவேசே மட்டுமே கொண்ட புருனெல்லோ ஒயினைச் சுவையுங்கள்: புளிப்புச் செர்ரி, கூர்மையான அமிலம், பிடித்திழுக்கும் துவர்ப்பு. பிறகு கார்மிஞ்ஞானோ ஒயினை எடுங்கள். அதில் சாஞ்சோவேசேயோடு காபர்னே திராட்சையைச் சேர்ப்பது விதி. நிறம் அடர்ந்திருக்கும், பிளாக்கரண்ட் பழ மணம் வரும். இரண்டையும் அருகருகே வைத்து, உணவோடு ஒரு முறை, உணவில்லாமல் ஒரு முறை.

கே: மீதி ஒயின் எத்தனை நாள் தாங்கும்?

ப: மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். குடிப்பதற்கு அரை மணி முன் வெளியே எடுங்கள்.