வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, டூவீலர் மெக்கானிக். செல்போன் திருட்டு விசாரணை என்று சனிக்கிழமை மாலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனவர்கள் திங்கள் காலைதான் விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரரே உடன் வந்ததால், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டான். 12 நாள் ஆகிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் 50,000 ரூபாய் வாங்கித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்கிறார். போலீஸ் மேல் வழக்குப் போட முடியுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தென் மாவட்டம்

பதில்: முடியும். ஆனால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதை அப்புறம் பார்ப்போம். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் சேர்க்காமல் விட்ட ஆதாரத்தால்தான் தோற்கின்றன. உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

அடிபட்டு வருபவரைப் பற்றி அரசு டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார். வக்கீல்கள் நாங்கள் அதை ஏ.ஆர். காப்பி என்போம். காயம் எப்படி வந்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்கள் தம்பி விஷயத்தில் அந்த வரியில் பைக் விழுந்திருக்கிறது. (நம் ஸ்டேஷன் பாத்ரூம்களில் எத்தனை பேர் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வந்திருக்கிறார்கள் என்று எண்ணினால், பொதுப்பணித் துறை மேல்தான் முதல் வழக்குப் போட வேண்டும்.) அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிடாது. பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய், யார், எதனால், எப்போது அடித்தார்கள் என்று சொல்லி மறுபடி பதியச் சொல்லுங்கள். முதலில் ஏன் மாற்றிச் சொன்னான் என்பதையும் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான். தொடையிலும் உள்ளங்காலிலும் லத்தித் தழும்பு இருந்தால் இன்றே போட்டோ எடுங்கள். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் நிற்கும், தழும்பு நிற்காது.

அடுத்தது சிசிடிவி. ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டது என்ன? பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. அங்கே தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார். எல்லா ஸ்டேஷனிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் சனி மாலை முதல் திங்கள் காலை வரையிலான பதிவைப் பாதுகாக்கக் கேட்டு எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். வெள்ளைப் பேப்பரில் மிரட்டிக் கையெழுத்து வாங்கியதையும் அதிலேயே எழுதுங்கள். டெலிவரி ஆனதற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 'சும்மா விசாரணை' என்று இரண்டு இரவு உட்கார வைக்க சட்டத்தில் இடமில்லை. கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைது குறிப்பு எழுதி, குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். டி.கே.பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 1996 இறுதியில் சொன்னது இது. வாக்குமூலம் வாங்க அடித்துக் காயப்படுத்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 120-ஆவது பிரிவில் தனிக் குற்றம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், 10 ஆண்டு வரை சிறை.

சரி, எங்கே போவது? என் யோசனை, முதலில் மாநில மனித உரிமை ஆணையம். கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை ஆணையம் உடனே வரவழைக்கலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள், ஒன்று மற்றதைக் காட்டி மூடிவிடும்.

இழப்பீடும் வழக்குப்பதிவும் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-ல் நீலாபதி பெஹரா வழக்கில் வந்த தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது. குற்ற வழக்குதான் இழுக்கும்: அரசின் முன் அனுமதி வேண்டும் என்று வாதம் வரும், ஸ்டேஷனில் அடிப்பது கடமையில் சேராது என்று நாம் பதில் சொல்வோம், அதிலேயே வருடங்கள் போகும். இதைச் சொல்லாமல் உங்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது நியாயமில்லை. செலவுக்குப் பயந்தால், மனுதாரராக நீங்களே இருங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

50,000 ரூபாய் விஷயம் உங்கள் வீட்டு முடிவு. ஆனால் இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. பெரியவர் கொண்டுவரும் பேப்பரில் தம்பி மறுபடி கையெழுத்துப் போடுவதற்கு முன், அதன் நகலை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.